கழற்றிப் பூட்டிய கை
ஜி. டி. நாயுடு அவர்களின் வாழ்க்கை

சொல்லைப் பிரித்தலும் பிரித்ததைச் சேர்த்தலும் எம்மனோர்க்குச் சோறு தரும் தொழில். ஒரு செய்யுளை எடுத்தால் முதலிற் பதம் பிரிப்போம். எழுவாய் யாது, பயனிலை யாது என்று தேடுவோம். வேண்டுமிடத்துக் கொண்டு கூட்டுவோம். ஈற்றில் யாவற்றையும் முன்போலச் சேர்த்துச் செய்யுள் தன் ஓசை கெடாது நடப்பதைக் கேட்டு மகிழ்வோம். பிரிக்கத் தெரிந்து சேர்க்கத் தெரியாதவனைப் பண்டிதன் என எவரும் ஒப்பார். ஏறத்தாழ முப்பது ஆண்டுகளாக இதனையே மாணவர்க்குக் கற்பித்து வருகின்றேன். ஆயினும் இவ்விதி இரும்புக்கும் பொருந்தும் என்பதை எனக்குக் கற்பித்தது, பண்டத்தரிப்பில் எங்கள் வீட்டுக் கொட்டிலிற் கிடந்த ஒரு பழைய நீரிறைக்கும் இயந்திரம். அதனைக் கழற்றிப் பூட்டிய நாட்களிலேதான், நூறு ஆண்டுகளுக்கு முன் கொங்கு நாட்டில் வேறோர் இயந்திரத்தைக் கழற்றிப் பூட்டிய ஒருவரின் வாழ்க்கையை ஊன்றிக் கற்றேன். அவரே ஜி. டி. நாயுடு என்று உலகறிந்த கோபாலசாமி துரைசாமி நாயுடு அவர்கள். அவர் வரலாற்றைக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம். என் இயந்திரத்தின் கதை அதற்கு ஒரு முகவுரையும் சிற்சில இடங்களில் உரையும் ஆகும்.

கொட்டிலிற் கிடந்தது

2022ஆம் ஆண்டு பங்குனி மாதக் கடைசியில் இலங்கை முழுவதிலும் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரையில் மின்சாரம் தடைப்பட்டதை வாசகர் மறந்திரார். கிணற்றடியில் மின் மோட்டார் வாளாவிருந்தது. வெங்காயப் பாத்திகள் வாடின. எங்கள் பாட்டனார் காலத்தில் அக்கிணற்றுக்குத் துலா இருந்தது. தந்தையார் காலத்தில் பெற்றோலிற் கிளம்பி மண்ணெண்ணெயில் ஓடும் சிறிய இயந்திரம் வந்தது. குளிர்ந்திருக்கும்போது மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது. ஆதலால் முதலிற் சிறிது பெற்றோலில் ஓடவிட்டு, எஞ்சின் சூடேறிய பின் குழாயைத் திருப்பி மண்ணெண்ணெயை விடுதல் வேண்டும். நிறுத்துமுன் மீண்டும் பெற்றோலுக்கு மாற்றுதல் முறை.

1990இல் பொருளாதாரத் தடை வந்தபின் யாழ்ப்பாணக் குடாநாட்டிற் பெற்றோல் மருந்து போலாயிற்று. மோட்டார் சைக்கிள்களும் மண்ணெண்ணெயில் ஓடின. சில துளி பெற்றோலை வாயில் விட்டு அவற்றை எழுப்பினார்கள். என் தந்தையாரும் அவ்வாறே குழந்தைக்கு மருந்து புகட்டுவார் போலத் துளி துளியாக விட்டு இயந்திரத்தைக் கிளப்புவார். 1995 ஐப்பசி கடைசியில் வலிகாமமே பெயர்ந்தபோது அதனைக் கொட்டிலில் விட்டுச் சென்றோம். மறு ஆண்டு திரும்பி வந்தபோது, கூரை விழுந்த கொட்டிலில் அது மட்டும் இருந்த இடத்தில் இருந்தது. பின்பு மின் மோட்டார் வந்தது, தந்தையாரும் காலமானார். அதன் மேல் பல ஆண்டுத் தூசி படிந்தது.

மின்சாரமற்ற அந்நாட்களில் தூசியைத் துடைத்துக் கயிற்றைச் சுற்றி இழுத்தேன், அசையவில்லை. துருவால் பிஸ்ரன் சிலிண்டரோடு ஒட்டிக்கொண்டது என்பதைக்கூட யான் அறியேன். ஒழுங்கை வழியே சைக்கிளிற் சென்ற ஓர் இளைஞன் இதனைக் கண்டு இறங்கி வந்தான். அவன் என் பழைய மாணவன். சாதாரண தரப் பரீட்சையில் தமிழிலே சித்தியெய்தாதவன். புணர்ச்சி விதி கேட்டால் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருப்பவன். இவன் எதற்கும் உதவான் என்று ஒருநாள் வகுப்பார் முன்னிலையில் யான் சொன்னதுண்டு. சொன்னது எனக்கு நினைவிருந்தது, அவனுக்கும் நினைவிருந்திருக்கும். ஆயினும் அவன் அதனைக் காட்டாது, பிளக்கைக் கழற்றி, அத்துளை வழியே மண்ணெண்ணெயும் ஒயிலும் கலந்து விட்டு, மூன்று நாள் பொறுக்கும்படி பணிவாகக் கூறிப் போயினான்.

அம்மூன்று நாட்களிலும் செய்வதொன்றின்றி ஊர் வாசிகசாலையிற் கிடைத்த நாயுடு அவர்களின் வரலாற்றை வாசிக்கலானேன். இளமையிற் கேட்டறிந்த செய்திகளே பல. எனினும் கொட்டிலில் ஓடாத இயந்திரம் ஒன்றை வைத்துக்கொண்டு வாசிப்பது வேறு வகையான வாசிப்பு.

கலங்கலிற் பிறந்தவர்

கோயம்புத்தூரை அடுத்த கலங்கல் என்னும் சிற்றூரில் 1893ஆம் ஆண்டு மார்ச்சு 23ஆந் தேதி நாயுடு அவர்கள் பிறந்தார். தந்தையார் உழவர். மகனைப் பள்ளிக்கு அனுப்பினார். மகன் பள்ளியை விரும்பினாரல்லர். ஆசிரியரின் முகத்தில் மண்ணை வீசிவிட்டு ஓடியவர் என்பது அவரைப் பற்றி வழங்கும் கதை. மூன்றாம் வகுப்பு அளவிலேயே பள்ளிக் கல்வி முடிந்தது. தோட்டத்து வேலையில் ஈடுபட்டிருந்த இளைஞரின் மனம் மண்ணிலும் நிலைக்கவில்லை.

அக்காலத்தில் ஒருநாள், வருவாய்த்துறையைச் சார்ந்த ஆங்கில அதிகாரி ஒருவர் மோட்டார் சைக்கிளில் அவ்வழியே வந்தார். அது இங்கிலாந்திற் கவன்றி நகரிற் செய்யப்பட்ட ரட்ஜ் வண்டி. மாடும் குதிரையும் இழுக்கக் கண்ட கண்களுக்கு எதுவும் இழுக்காமல் ஓடும் வண்டி எத்துணை வியப்பைத் தந்திருக்கும் என்பதை நாம் ஊகித்தறியலாம். கண்டவர் பலர்; வியந்தவரும் பலர். வியப்பு அடங்கிய பின்னும் எவ்வாறு ஓடுகிறது என்னும் வினா அடங்காதவர் இவர் ஒருவரே. அவ்வண்டியைத் தமக்கே உரியதாக்கிக் கொள்ளல் வேண்டும் என்று உறுதி பூண்டார்.

உறுதிக்குப் பொருள் வேண்டுமன்றோ? ஊரை விட்டுக் கோயம்புத்தூர் சென்றார்; ஓர் உணவு விடுதியிற் பரிமாறும் வேலையில் அமர்ந்தார். ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் இலை போட்டும் எச்சில் எடுத்தும் கூலியைச் சேர்த்தார். சேர்ந்த தொகை முந்நூறு ரூபாய் என்பர். அத்தொகையைக் கொடுத்து அதே வண்டியை வாங்கினார்.

இவ்விடத்திலேயே அவர் வாழ்க்கை பிறர் வாழ்க்கையினின்றும் பிரிகிறது. மூன்று ஆண்டு உழைப்பைக் கொடுத்து ஒரு வண்டியை வாங்கிய இளைஞன் அதன் மேலேறி ஊரைச் சுற்றி வருவான், அதுவே இயல்பு. நாயுடு அவர்களோ வண்டியை நிலத்திற் கிடத்தி, உறுப்பு உறுப்பாகக் கழற்றிப் போட்டார். கழற்றியதைப் பார்த்தார், மீண்டும் பூட்டினார். பூட்டிய வண்டி ஓடிற்று. கற்பித்தவர் எவருமில்லை. அந்நாள் முதல் அவர் ஓர் இயந்திர வல்லுநர். பட்டம் அளித்தது அந்த வண்டியே.

கழற்றுதல் எளிது

மூன்றாம் நாள் மாலையில் இளைஞன் வந்தான். கயிற்றை மெல்ல அசைத்து அசைத்துப் பார்த்தான். இயந்திரம் சற்றே இசைந்து கொடுத்தது. பின்பு கழற்றத் தொடங்கினோம். அவன் முதலிற் செய்த காரியம் ஒரு சாக்கை விரித்ததாகும். எந்தத் திருகாணி முதலிற் கழன்றதோ அதனைச் சாக்கின் இடப்பக்க மூலையில் வைத்தான். அடுத்து வந்ததை அதனருகில் வைத்தான். இவ்வாறு வரிசையாக வைத்துச் செல்ல, முழு இயந்திரமும் ஏட்டிலெழுதிய செய்யுள் போல இடமிருந்து வலமாகக் கிடந்தது. பூட்டும்போது வலமிருந்து இடமாக வாசித்தாற் போதும். வகுப்பில் ஒரு வரியையும் ஒழுங்காக எழுதாதவனிடம் இவ்வொழுங்கு எங்கிருந்து வந்தது என்று எண்ணி யான் வாயடைத்திருந்தேன்.

இத்தகைய இயந்திரம் நான்கு வீச்சில் ஒரு முறை தொழிற்படுவது. பிஸ்ரன் கீழிறங்கும்போது எரிபொருள் கலந்த காற்றை உறிஞ்சுகிறது; மேலேறும்போது அதனை அமுக்குகிறது; பிளக்கிற் பொறி தோன்ற, எரிந்த வளி விரிந்து பிஸ்ரனைக் கீழே தள்ளுகிறது; மீண்டும் மேலேறும்போது புகை வெளியேறுகிறது. 1876இல் ஜெர்மனியில் நிக்கொலாஸ் ஓட்டோ என்பவர் நிலைநிறுத்திய முறை இது. உலகத்துப் பெற்றோல் வண்டிகளுட் பெரும்பாலானவை இன்றும் இம்முறையையே பின்பற்றுகின்றன. நாயுடு அவர்கள் கழற்றிய ரட்ஜ் வண்டியிலும் சிலிண்டர் ஒன்றே. எங்கள் இயந்திரத்திலும் ஒன்றே. எனவே அவர் கண்டதைப் பெரும்பாலும் யானும் கண்டேன் எனலாம். காணும் கண்களே வேறு.

பிஸ்ரனைச் சுற்றியுள்ள வளையங்கள் கரி பிடித்துத் தத்தம் பள்ளங்களில் இறுகிக் கிடந்தன. அவற்றுள் ஒன்றை யான் ஆணியால் நெம்பினேன். வார்ப்பிரும்பாதலின் அது முறிந்தது. இளைஞன் ஒன்றும் சொல்லாமல், மற்றவற்றை மண்ணெண்ணெயில் ஊறவிட்டு எடுத்தான். வால்வுகள் அமரும் இடத்தில் அரைக்கும் பசையைத் தடவி, ரப்பர்க் கிண்ணம் பொருத்திய கோலை இரு உள்ளங்கைகளுக்கிடையில் வைத்துத் தயிர் கடைவதுபோல உருட்டி, வாயும் மூடியும் இடைவெளியின்றிப் பொருந்தச் செய்தான். கார்பரேற்றரின் நுண்துளையை ஒரு செப்புக் கம்பியின் இழையால் நீவினான். முறிந்ததற்கு ஈடான வளையத்தை யாழ்ப்பாண நகரிற் தேடிப் பெற்றோம்.

வேலைக்கிடையில் உறுப்புகளுக்கெல்லாம் யான் தமிழ்ப் பெயர் சொல்லி வந்தேன்: உந்து, உறிஞ்சு வாய், கழி வாய், பொறிச் செருகி என்றவாறு. மானிப்பாயில் இருந்த கிறீன் வைத்தியர் சென்ற நூற்றாண்டுக்கும் முற்பட்ட நூற்றாண்டிலே மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்து, உடலுறுப்புகளுக்கும் நோய்களுக்கும் தமிழ்ப் பெயர் வழங்கியதை அவனுக்குச் சொன்னேன். அவன் விருப்போடு கேட்டான். வகுப்பில் அவன் இவ்வாறு கேட்டதில்லை. கையிற் பொருள் இருக்கும்போது பெயர் இனிக்கிறது. பொருளைக் காட்டாது பெயரை மட்டும் ஊட்டினால் அது கசக்கிறது. இதனை இத்துணை ஆண்டுகள் கழித்து அறிந்தேன்.

இனி என் அவசரத்தின் கதையைச் சொல்லல் வேண்டும். ஒருநாள் அவன் வரத் தாமதமாயிற்று. எல்லாம் சாக்கில் வரிசையாகத்தானே கிடக்கின்றன என்று எண்ணி, யானே பூட்டத் தொடங்கினேன். மாலைக்குள் பூட்டி முடித்தேன். ஓர் ஆணியும் மிஞ்சவில்லை. பெருமிதத்தோடு கயிற்றை இழுத்தேன். இயந்திரம் கார்பரேற்றர் வழியே ஒருமுறை தும்மிற்று. கயிறு என் கையைச் சொடுக்கிப் பறித்தது. பின்னும் பலமுறை இழுத்தும் தும்மலன்றி வேறொன்றும் கேட்கவில்லை.

இளைஞன் வந்து பக்க மூடியைத் திறந்து காட்டினான். உள்ளே இரண்டு பற்சக்கரங்கள்; ஒன்று சிறியது, மற்றது அதனிலும் இருமடங்கு பற்களை உடையது. சிறியது இருமுறை சுற்றப் பெரியது ஒருமுறை சுற்றி, வால்வுகளை உரிய காலத்தில் திறந்து மூடுகின்றது. ஒவ்வொரு சக்கரத்திலும் கடுகளவு புள்ளி ஒன்று குத்தப்பட்டிருந்தது. அவ்விரு புள்ளிகளும் எதிரெதிரே சந்திக்குமாறு பூட்டினால் இயந்திரம் ஓடும். ஒரு பல் பிசகினாலும் வாய் திறக்க வேண்டிய வேளையில் மூடியிருக்கும், மூடவேண்டிய வேளையில் திறந்திருக்கும். யான் எல்லா உறுப்புகளையும் சேர்த்தேன். அவை புணரும் இடத்தைப் பார்க்கவில்லை. நிலைமொழியும் வருமொழியும் சந்திக்கும் எழுத்தை நோக்காது சொற்களை ஒட்டிய மாணவனுக்கு யான் எத்தனை முறை சிவப்பு மையாற் கோடிட்டிருப்பேன்! அன்று எனக்குக் கோடிட்டவன் என் மாணவன்.

அப்பொழுதுதான் நாயுடு அவர்களின் அருமை எனக்கு விளங்கிற்று. எனக்கு வழிகாட்ட ஓர் இளைஞன் இருந்தான். அவருக்கு எவர் இருந்தார்? மோட்டார் வண்டியே அரிதாக இருந்த ஊரில், பிழைத்தால் மூன்று ஆண்டு உழைப்பும் இரும்புக் குவியலாகிவிடும் என்று அறிந்திருந்தும், அவர் அதனைக் கழற்றினார். கழற்றுதற்குத் துணிவு போதும். பூட்டுதற்குப் பொறுமையும், ஒவ்வொன்றும் ஏன் அவ்விடத்தில் இருக்கிறது என்னும் அறிவும் வேண்டும்.

ஒரு வண்டியிலிருந்து பல வண்டிகள்

இயந்திரம் பூட்டத் தெரிந்தவருக்கு வாழ்க்கை உடனே ஓடிவிடவில்லை. முதல் உலகப் போர்க் காலத்தில் திருப்பூரிற் பஞ்சுத் தொழிலில் ஈடுபட்டுப் பெரும்பொருள் ஈட்டினார். பின்பு பம்பாய்ப் பஞ்சுச் சந்தையில் அதனை இழந்து திரும்பினார். இழந்தவர் சோர்ந்திலர். கோயம்புத்தூரிற் புகழ்பெற்றிருந்த ஆங்கிலத் தொழிலதிபர் ராபர்ட் ஸ்டேன்ஸ் அவர்கள் இவரிடத்து நம்பிக்கை வைத்துக் கடனுதவி புரிந்தார். 1920ஆம் ஆண்டில் ஒரே ஒரு பஸ் வண்டியோடு பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பயணிகளை ஏற்றும் தொழிலைத் தொடங்கினார். வண்டியை ஓட்டுபவரும் அவரே. பழுது பார்ப்பவரும் அவரே.

ஒரு வண்டி பலவாயிற்று. யூனிவர்சல் மோட்டார் சர்வீஸ் என்னும் பெயரால் அவர் நடத்திய நிறுவனம் 1933ஆம் ஆண்டளவில் ஏறத்தாழ 280 வண்டிகளை உடையதாயிருந்தது என்பர். பழனிக்குச் செல்லும் அடியவரும் சந்தைக்குச் செல்லும் உழவரும் அவ்வண்டிகளில் ஏறிச் சென்றனர். ஒரு வண்டியைக் கழற்றிப் பூட்டிக் கற்றவர், ஒரு நிறுவனத்தையும் இயந்திரம் போலவே உறுப்பு உறுப்பாக நோக்கிச் சீர்செய்தார் என்றல் மிகையன்று. பற்சக்கரத்துப் புள்ளிகள் சந்திக்காவிடில் எஞ்சின் ஓடாததுபோலக் காலம் பிசகினால் பஸ் தொழிலும் ஓடாது அன்றோ?

செய்து காட்டியவை

பிறர் செய்ததைக் கழற்றிப் பூட்டியவர் நாளடைவில் தாமே புதியன செய்யப் புகுந்தார். மின்கலத்தால் இயங்கும் முகச்சவரக் கருவி ஒன்றை ஆக்கினார். ரசாந்த் என்ற பெயரோடு அது ஜெர்மனியிலும் அறிமுகமாயிற்று. மிக மெல்லிய சவர அலகு, பழச்சாறு பிழியும் கருவி, மண்ணெண்ணெயால் இயங்கும் விசிறி, புகைப்படக் கருவிக்குத் தொலைவு பொருத்தும் உறுப்பு, மோசடி செய்ய இயலாத வாக்குப் பதிவு இயந்திரம் என அவர் சிந்தனையிற் பிறந்தவை பல. 1937இல், பின்னாளில் டெக்ஸ்டூல் என்னும் ஆலையாற் புகழ்பெற்ற பாலசுந்தரம் அவர்களோடு சேர்ந்து மின் மோட்டாரை உருவாக்கினார். இந்தியாவிலேயே செய்யப்பட்ட முதல் மின் மோட்டார் என அதனைப் போற்றுவர். கோயம்புத்தூர் நகரம் இன்று மோட்டாருக்கும் நீரிறைக்கும் இயந்திரத்துக்கும் பெயர் பெற்று விளங்குவதற்கு இட்ட அடிக்கற்களுள் அஃது ஒன்று.

விலையை நோக்கினால் அவருடைய உள்ளம் புலப்படும். 1941இல் ஐந்து வால்வுகளையுடைய வானொலிப் பெட்டியை எழுபது ரூபாய்க்குத் தர இயலும் என்றார். 1952இல் இருவர் அமரத்தக்க பெற்றோல் காரை இரண்டாயிரம் ரூபாய் விலையில் ஆக்கிக் காட்டினார். அரசினர் உரிமம் வழங்காமையால் அக்கார் பெருகி வெளிவரவில்லை. செல்வர்க்கே உரியனவாயிருந்தவற்றை எளியவரின் கைக்கு எட்டுமாறு செய்தல் அவர் நோக்கமாயிருந்தது. தாம் ஒரு வண்டிக்காக மூன்று ஆண்டு பரிமாறியதை அவர் மறந்திலர் போலும்.

உலகத்தைச் சுற்றிப் பார்ப்பதிலும் அவருக்குத் தணியாத வேட்கை இருந்தது. 1936இல் இங்கிலாந்தில் ஐந்தாம் ஜோர்ஜ் மன்னரின் இறுதி ஊர்வலத்தைத் தம் கருவியாற் படம் பிடித்தார். தோட்டத்திலும் அவர் ஆராய்ச்சி நின்றதில்லை. பருத்தி, சோளம், பப்பாளி முதலியவற்றில் புதுவகை கண்டார். மண்ணை விட்டு ஓடிய உழவர் மகன் மண்ணுக்கே திரும்பி வந்தார் என்க.

கல்வியைக் கழற்றிப் பார்த்தவர்

ஆசிரியனாகிய என்னை அவர் வரலாற்றில் மிகவும் தைத்த பகுதி இனி வருவது. பள்ளியை விட்டோடிய அவர் கல்வியை வெறுத்தவரல்லர். தாமே முயன்று நூல்களைக் கற்றார். 1940களில் கோயம்புத்தூரில் தொழிற்கல்வி நிலையங்கள் தோன்ற உறுதுணையாய் நின்றார். அக்காலச் சென்னை ஆளுநரான ஆர்தர் ஹோப் அவர்களின் பெயரால் 1945இல் எழுந்த பொறியியற் கல்லூரிக்குத் தலைமை ஆசிரியராகவும் விளங்கினார். அக்கல்லூரியே இன்று அரசினர் தொழில்நுட்பக் கல்லூரியாக விளங்குவது. மூன்றாம் வகுப்போடு பள்ளியை நீத்தவர் பொறியியற் கல்லூரிக்கு முதல்வரானார் என்பது கதையன்று, வரலாறு.

அங்கும் அவர் கைகள் சும்மா இருக்கவில்லை. நான்கு ஆண்டுப் படிப்பைக் கழற்றிப் பார்த்தார். அவற்றுள் எவ்வளவு காலம் செயலுக்கு உதவுகிறது, எவ்வளவு வீணே கழிகிறது என்று ஆராய்ந்து, குறுகிய காலத்திற் செய்முறையோடு கற்பித்து முடிக்கலாம் என்றார். அரசினர் அதற்கு இணங்கவில்லை. அவர் பதவியைத் துறந்தார்.

இவ்விடத்தில் ஒருதலையாகத் தீர்ப்புக் கூற யான் துணியேன். ஆறுதலாகக் கற்க வேண்டிய கல்வியும் உண்டு; இலக்கணம் அத்தகையது. விரைந்து கற்றவர் கட்டிய பாலம் விரைந்தே விழவுங் கூடும். ஆயினும் அவர் எழுப்பிய வினா நியாயமானது. ஒரு பாடம் ஏன் அவ்விடத்தில் இருக்கிறது, அதனை எடுத்துவிட்டால் எது நின்றுபோகும் என்று எத்தனை ஆசிரியர் கேட்டிருக்கிறோம்? யான் முப்பது ஆண்டுகளிற் கேட்டிலேன்.

பிரித்தலும் உடைத்தலும்

1950களில் அவர் வாழ்க்கையில் நிகழ்ந்த ஒன்றை இங்கு மறையாது கூறல் வேண்டும். அரசினரின் கடுமையான வரிவிதிப்பும் தம் ஆக்கங்களுக்கு நேர்ந்த தடைகளும் அவர் மனத்தைப் புண்படுத்தின. தாம் செய்த கருவிகளைக் கோயம்புத்தூரிற் பொதுமக்கள் கண்முன்னே அடித்து நொறுக்கித் தம் எதிர்ப்பைக் காட்டினார். கண்டோர் திகைத்தனர். அவரிடத்து அன்புடையாரும் அச்செயலை ஒப்பவில்லை.

அந்தப் பக்கத்தை வாசித்தபோது என் கண்முன் சாக்கில் வரிசையாகக் கிடந்த உறுப்புகள் தோன்றின. பிரித்தல் வேறு, உடைத்தல் வேறு. பிரித்தது மீண்டும் கூடும், உடைத்தது கூடாது. வாழ்நாள் முழுதும் பிரித்துச் சேர்த்த கை ஒருநாள் உடைத்தது. அக்கையின் மேற் குறை காண்பதற்கு முன், அதனை அந்நிலைக்குக் கொணர்ந்தது யாது என்று எண்ணல் வேண்டும். ஆக்கும் கை மதிக்கப்படாதவிடத்து உடைக்கும் கையாகிவிடும். இஃது ஒரு நாட்டுக்கும் பொருந்தும். ஒரு வகுப்பறைக்கும் பொருந்தும். எதற்கும் உதவான் என்று பலர் முன்னிலையிற் சொல்லப்பட்ட ஒரு சிறுவனின் உள்ளே எது உடைந்திருக்கும் என்று அன்றிரவு யான் நெடுநேரம் எண்ணினேன்.

நாயுடு அவர்கள் உடைத்ததோடு அமைந்துவிட்டவரல்லர். பின்னும் இருபது ஆண்டுகள் போல வாழ்ந்தார். தொழிலாளர் நலத்துக்கும் இளைஞர் பயிற்சிக்கும் உழைத்தார். 1967இல் கோயம்புத்தூரில் நிலையான தொழிற் கண்காட்சி ஒன்றைத் திறக்கச் செய்தார். பள்ளிச் சிறுவர் பொருள்களைக் கண்டு கற்கும் இடம் அது. 1974ஆம் ஆண்டு சனவரி 4ஆந் தேதி, தமது எண்பதாவது வயதில், உலக வாழ்வை நீத்தார். இந்தியாவின் எடிசன் என்று அவரை அழைப்பவர் பலர். 2025இல் கோயம்புத்தூர் அவிநாசி வீதியில் ஏறத்தாழப் பத்துக் கிலோமீற்றர் நீளத்துக்கு அமைந்த மேம்பாலத்துக்கு அவர் பெயரையே சூட்டினார்கள். ஒரு மோட்டார் சைக்கிளைக் கண்டு வியந்து நின்ற சிறுவரின் பெயரைத் தாங்கிய பாலத்தின் மேல் இன்று எண்ணிறந்த வண்டிகள் ஓடுகின்றன.

நீர் பாய்ந்தது

பற்சக்கரத்துப் புள்ளிகளை எதிரெதிரே பொருத்தி, மூடியைப் பூட்டி, மறுநாட் காலையில் இளைஞன் கயிற்றை என்னிடமே நீட்டினான். தானே இழுக்கலாம், எனினும் என்னை இழுக்கச் சொன்னான். இரண்டாம் இழுப்பிலே இயந்திரம் கிளம்பிற்று. முதலில் வெண்புகை, பின்பு தந்தையார் காலத்து அதே ஓசை. சூடேறியதும் குழாயைத் திருப்பி மண்ணெண்ணெயை விட்டான். சற்றுநேரத்தில் குழாய் இருமிக் கலங்கல் நீரைக் கக்கியது. பின்பு தெளிந்த நீர் வாய்க்காலில் இறங்கி வெங்காயப் பாத்தியை நோக்கி ஓடிற்று. என் மனைவியார் அடுக்களையிலிருந்து ஓடிவந்து நின்றார். எவரும் ஒன்றும் பேசவில்லை; பேசினாலும் அவ்வோசையிற் கேட்டிராது.

இயந்திரத்தை நிறுத்திய பின், அன்று வகுப்பில் யான் சொன்ன சொல் தவறு என்று அவனிடம் கூறினேன். அவன் தலைகுனிந்து கைகளைத் துணியாற் துடைத்துக்கொண்டிருந்தான். கூலி கொடுத்தேன், வாங்க மறுத்தான். தமிழ்ப் பாடத்துக்கு மீண்டும் தோற்ற விருப்பமுண்டா என்று கேட்டேன். விருப்பமுண்டு என்றும், ஆனால் புணர்ச்சி விதி இன்னும் விளங்கவில்லை என்றும் சொன்னான். அவ்வாண்டு முழுதும் மாலை வேளைகளில் எங்கள் திண்ணையில் அமர்ந்து படித்தான். புள்ளியும் புள்ளியும் சந்திக்கும் இடம் என்று தொடங்கினேன். எஞ்சியதை அவனே விளங்கிக்கொண்டான். தமிழிற் சித்தியெய்தி, இப்போது தொழிற் பயிற்சி பெற்றுத் தெருவோரத்தில் சிறிய வேலைத்தலம் ஒன்று வைத்திருக்கிறான். அவன் நாயுடு ஆவான் என்று யான் சொல்லவில்லை. அவன் அவனாக இருப்பதே போதும்.

மாணவர்காள், நாயுடு அவர்கள் பள்ளியை விட்டோடியதை முன்மாதிரியாகக் கொள்ளற்க. ஓடியவர் பல்லாயிரவர், கழற்றியதைப் பூட்டி முடிக்கும் வரையில் எழாதிருந்தவர் அவர். அந்த இருப்பையே கைக்கொள்ளுங்கள். ஆசிரிய நண்பர்களுக்குச் சொல்ல வேண்டியது வேறு. கலங்கலில் அச்சிறுவர் மண்ணை வீசிய ஆசிரியரைப் பற்றி எவரும் நூல் எழுதவில்லை. அவர் நல்லவராகவே இருந்திருப்பார். முறையாகவே பாடம் நடத்தியிருப்பார். ஆனால் தம் வகுப்பில் இருந்தவர் யார் என்பதை அவர் அறிந்திலர். யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருக்கும் மாணவனைக் காணும்போதெல்லாம் எனக்கு இப்போது அந்த ஆசிரியரின் நினைவு வருகிறது. சுண்ணக்கட்டியை வைத்துவிட்டு, அவன் எதைப் பார்க்கிறான் என்று யானும் ஒருமுறை வெளியே எட்டிப் பார்க்கிறேன்.